தரகர் வீரபாகுவின் கழுத்து

பெண் எப்படி என்று யாராவது கேட்டால் வீரபாகு முதலில் கண்ணை மூடிக்கொள்வார். தலை வலப்புறம் ஒருமுறை சாயும், இடப்புறம் ஒருமுறை சாயும், பிறகு நடுவில் வந்து லேசாக அதிர்ந்து நிற்கும். அது ஆமாவா, இல்லையா, பார்க்கலாமா என்று பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் இதுவரை தெரியாது. கேட்டவர் தமக்கு எது பிடிக்குமோ அதை எடுத்துக்கொண்டு போவார். பிற்பாடு சண்டைக்கு வந்தால், "நான் வாயத் தொறந்து ஏதாச்சும் சொன்னனாப்பா?" என்பார். சொல்லியிருக்கவே மாட்டார்.

காலையில் தறி, சாயங்காலம் கல்யாணத் தரகு. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் குனிந்த தலை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிரும். வாலிப வயதிலிருந்தே அப்படி. போன ஆடியில் அவருடைய வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. "கட்டை வெரல்ல எறும்பு ஊறுதுப்பா" என்று கையை உதறிக்கொண்டே இருந்தார். காபி டம்ளர் நழுவியது. தறியில் ஓட்டும் நாடா நழுவியது. விளக்கெண்ணெய் தடவி, தவிட்டு ஒத்தடம் கொடுத்து, கடைசியில் மந்திரித்த கயிறும் கட்டியாயிற்று, எல்லாம் கைக்கு.

பட்டணத்து எலும்பு டாக்டரோ கையைத் தொடவே இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து மேலேயிருந்து ஓர் அழுத்து அழுத்தினார். வீரபாகுவுக்குச் சுண்டுவிரல் தவிர மற்ற விரல்களெல்லாம் மின்சாரம் பட்டதுபோல் துடித்தன. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்பு தேய்ந்து, கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார்.

"கையி வலின்னு வந்தேன். கழுத்துக்கும் கைக்கும் என்னா சம்பந்தம் டாக்டர்?"

"தரகர்தானே நீங்க? நீங்க முடிச்சு வச்ச எல்லாத்தையும் விட நெருங்கின சம்பந்தம். கழுத்துல கிளம்பற நரம்புதான் விரல் நுனி வரைக்கும் போகுது."

தாடையிலிருந்து தோள் வரைக்கும் ஒரு வெள்ளைப் பட்டை மாட்டினார்கள். ஒன்றரை மாதம் தலையை ஆட்டக் கூடாது என்றார் டாக்டர். "அப்போ என் பொழப்பு?" என்று வீரபாகு கேட்டதற்கு அவருக்கு அர்த்தம் விளங்கவில்லை.

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் ஒரு பையன், காற்றில் சாய்ந்த வாழைமரம் மாதிரி, உடம்பு ஒரு பக்கமாக ஒருக்களித்து நிற்கிறான். முனிரத்தினம். காஞ்சிபுரத்துப் பெரிய தறிக்காரர் ராமலிங்கத்தின் அக்காள் மகன். செவிலிமேட்டுத் தில்லையம்மாள் பெண் வள்ளிக்கு வீரபாகு பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையே அவன்தான்.

"இடுப்பு எலும்புக்கு நடுவுல ஜவ்வு பிதுங்கிக்கினு இருக்குதாம் மாமா. ஆனா வலி பூரா கால்ல. தும்முனா பாதம் வரைக்கும் இழுக்குது. கொஞ்ச நாளு பலகை மேல படுத்துக் கெடந்தா சரியாப் போவும்ன்றாரு. மாமனுக்குத் தெரியாது. சரிகை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க சொல்லிடாதீங்க."

வீரபாகு வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனார். பட்டை விடவில்லை. அந்தச் சும்மா இருத்தலை முனிரத்தினம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

ஊரில் அவருக்குப் புதுப் பெயர் கிடைத்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, வணக்கம் சொன்னால் அசைவதில்லை. "தரகருக்குத் தல கனமாயிடுச்சு" என்றார்கள். யாராவது அழைத்தால் தேரை வடம் பிடித்துத் திருப்புகிற மாதிரி மொத்த உடம்பையும் அவர் திருப்பி முடிப்பதற்குள் அழைத்தவர் கோபித்துக்கொண்டு போயிருப்பார்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. தில்லையம்மாள் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். முனிரத்தினம் மட்டும் தூணில் சாய்ந்து நின்றான். "பரவால்ல அத்தே, நிக்கிறேன்" என்றான். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று தில்லையம்மாள் பூரித்துப்போனாள். பூரித்தவள் வீரபாகுவிடம் கேட்டாள்.

"ஏண்ணா, எனக்கு இருக்குறது ஒரே பொண்ணு. புள்ளைக்கு ஒடம்புல ஒண்ணும் கொறை இல்லியே?"

எத்தனையோ வீட்டில் கேட்ட கேள்விதான். வீரபாகு கண்ணை மூடினார். தலை அசையவில்லை. எதிரே ராமலிங்கம். அவர் கொடுக்கும் பட்டு நூல் பாவுதான் வீரபாகுவின் தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தூணோரம் முனிரத்தினம் கண்ணாலேயே கெஞ்சினான். வீரபாகு கண்ணைத் திறந்தபோது, தலை குனிய முடியாததால், தில்லையம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தபடிதான் இருக்க வேண்டியிருந்தது. அப்படி ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் இதுவரை தரகு பேசியதில்லை.

"இருக்குதும்மா" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இடுப்புல ஜவ்வு நழுவி, காலுக்குப் போற நரம்பை இழுக்குது. உக்கார முடியாமதான் நிக்கிறாரு. பட்டணத்துல வைத்தியம் பாத்துக்கினு இருக்குறாரு."

ராமலிங்கத்தின் முகம் சிவந்தது. "யோவ், எம் புள்ளைய நொண்டின்றியா? நாளைக்கே உன் தறியில இருந்து பாவை அறுத்தாரச் சொல்றேன் பாரு" என்று விருட்டென்று எழுந்தார். பாதிதான் எழுந்தார். மீதி எழவில்லை. ஒரு கை தரையை நோக்கி, ஒரு கை இடுப்பில், வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாங்க?" என்றாள் தில்லையம்மாள்.

"புடிச்சிக்கிச்சு."

மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. முனிரத்தினத்தால் குனிந்து பிடிக்க முடியாது. வீரபாகுவால் குனிந்து பார்க்கவே முடியாது. தில்லையம்மாள்தான் தாங்கிப் பிடித்துப் பாயில் படுக்கவைத்தாள். தலைக்கு ஒரு தலையணை வைத்துவிட்டு, "இது குடும்பத்துக்கே இருக்குதா?" என்று கேட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெளியே வந்து, உடனே உள்ளே போயிற்று.

முனிரத்தினம் தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான். "தரகர் சொன்னது நெசம். நான்தான் மறைச்சேன். கனம் தூக்காம, ஒழுங்கா படுத்திருந்தா தறியில உக்காரலாம்னு சொல்லியிருக்குறாரு டாக்டர். அதுவரைக்கும் பொறுத்துக்கறதும் வேணாம்ங்கறதும் உங்க இஷ்டம்."

வள்ளி கதவை விட்டு வரவில்லை. குரல் மட்டும் வந்தது. "நானும் நாளெல்லாம் குந்தி பட்டு இழைக்கிறேன். எனக்கும் முதுகு வலிக்குது, யாரும் கேக்கல. இனிமே வலிச்சா எங்கிட்ட மறைக்காம சொல்லுவாரான்னு கேளும்மா."

"சொல்றேன்" என்றான் முனிரத்தினம்.

கல்யாணம் தை மாதத்துக்கு என்று பேசி முடிந்தது. ராமலிங்கம் மல்லாந்தபடியே தாம்பூலம் மாற்றினார். பாவைப் பற்றி வீரபாகு கேட்கவில்லை. ராமலிங்கம் விட்டத்தைப் பார்த்தபடியே, "யோவ், அந்த டாக்டரு எங்க இருக்குறாரு?" என்றார். வீரபாகு விலாசம் சொன்னார்.

பொழுது சாய்ந்ததும் மாமனையும் மருமகனையும் வீடு திரும்ப ஜட்காவில் ஏற்றினார்கள். வைக்கோலைப் பரப்பி இருவரையும் நீட்டிப் படுக்கவைத்தார்கள். செவிலிமேட்டுச் சாலை மழையில் பெயர்ந்து குண்டும் குழியுமாகக் கிடந்தது. வீரபாகு வண்டியில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் போனார். குனிந்து பார்க்க முடியாதே. வானத்தைப் பார்த்தபடி, வெறுங்காலால் சாலையைத் துழாவித் துழாவி நடந்தார். கால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டிக்காரனுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார்.