திரை கேட்டதும் வாசலில் கேட்டதும்

அம்மா செத்து, எடுத்த அந்த வாரமே நான் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். விழுப்புரத்தில் எங்கள் தெருவே வாயில் கை வைத்தது. "கல்லு மாரி போவுது பாரு" என்று எதிர்வீட்டு அத்தை என் காதில் விழும்படியே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பசியும் வரவில்லை. பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அதுவும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

ரெண்டாயிரம் தாண்டிய புதிது. ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் எனக்குத் தற்காலிக வேலை. திங்கட்கிழமை பிராக்டிகல் பரீட்சை. பாடத்திட்டம் மாறியிருந்ததால், கணக்குப் போட்டு வரைபடம் வரையும் புதிய மென்பொருள் ஒன்று லினக்ஸில் ஓடியாக வேண்டும். "லேப் ரெடியாவலன்னா உங்க போஸ்ட்ட பத்தி நான் மேல பேச முடியாதும்மா" என்று துறைத்தலைவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. கல்யாணமும் ஆகவில்லை. இந்த வேலையும் போனால் எனக்கு வேறு பிடிப்பு கிடையாது.

அந்த மென்பொருள் ஆயத்தமாக வராது. மூல நிரலாகத்தான் வரும், நம் கணினியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டுவதற்கு முன்னால் கான்ஃபிகர் என்று ஒன்றை ஓட்டுவோம். வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று அது ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரையில் வரி வரியாகச் சொல்லும். கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது. இந்த லைப்ரரி என்கிற துணை நிரல்தொகுப்பு இருக்கிறதா, இருக்கிறது. இல்லாத ஒன்று வந்ததும் அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் இன்னும் என்னென்ன இல்லை என்று முன்கூட்டிச் சொல்லித் தொலைக்காது. லேபில் இணையம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டருக்கு நடந்து, ஒன்றை இறக்கி, சிடியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டால் அடுத்ததைக் கேட்கும். மறுபடி நடப்பேன். எனக்குச் சலிப்புகூட வரவில்லை. சலிப்பதற்கும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

வரிகள் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எதிர்வீட்டு அத்தையின் குரல்தான் கேட்டது. தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் முறை சொல்வது அவள்தான். அன்று எங்கள் வாசலில் நின்றுகொண்டு இப்படித்தான் கேட்டாள். "மேளம் வந்துச்சா? எண்ண சீயக்கா எடுத்து வெச்சீங்களா? தாய்வீட்டுக் கோடி வந்துச்சா?"

அங்கே நின்றது. இறந்தவள்மேல் பிறந்த வீட்டுப் புடவை விழாமல் எங்கள் பக்கம் எடுக்க மாட்டார்கள். அம்மாவுக்கு ஒரே அண்ணன், பனமலையில். அம்மா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டதில் அறுந்துபோன பேச்சு. ஆள் அனுப்பியிருந்தோம். வெயில் சாயும்வரை பார்த்தோம், யாரும் வரவில்லை. சித்தப்பா எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்து ஒரு மஞ்சள் புடவையை நீட்டி, "பனமலையிலருந்து குடுத்தனுப்பிச்சாங்க" என்றார். கடைப் பை இன்னும் அவர் கக்கத்தில் இருந்தது. அத்தை புடவையின் மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, ஆவட்டும்" என்றாள்.

சனிக்கிழமை கான்ஃபிகர் கடைசியாக ஒரு லைப்ரரியில் முட்டிக்கொண்டது. எங்களிடம் இருந்தது பழைய பதிப்பு. அது கேட்ட புதிய பதிப்போ பெரிது, பிரௌசிங் சென்டரில் பாதியிலேயே அறுந்துபோனது. பக்கத்து அறை லெக்சரர் எட்டிப் பார்த்தார். "இருக்கறதுக்கே அந்தப் பேர வெச்சுடுங்க மேடம். அது பேரத்தான பாக்குது? எதுக்குப் பேஜாரு?"

வைத்தேன். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. கட்டியும் முடித்தது. மென்பொருள் திறந்தது, கணக்கெல்லாம் சரியாகப் போட்டது. வரைபடம் கேட்டேன், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடிக்கொண்டது. அப்படியே போட்டுவிட்டு ரயிலேறினேன்.

வீட்டு வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்பின் பார்த்ததில்லை, ஆனால் அம்மாவின் மூக்கு அவருக்கு அப்படியே இருந்தது. மாமா. கூலியாட்களைச் சேர்த்துக்கொண்டு வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தாராம், காலையில் ஊர் திரும்பித்தான் சேதி தெரிந்ததாம். மடியில் ஒரு துணிப்பை.

"கோடி யாரும்மா போட்டது?"

"சித்தப்பா வாங்கினு வந்தாரு."

"யார் பேர சொல்லி?"

"உங்க பேரதான்."

திட்டுவார் என்று நினைத்தேன்.

"இன்னா கலரு?"

"மஞ்சள்."

"அதுக்கு மஞ்சளு புடிக்காதேம்மா. சின்னதுலயே கட்டாது" என்றார்.

எனக்கும் தெரியும். அம்மாவின் பெட்டியைக் கவிழ்த்தாலும் ஒரு மஞ்சள் புடவை விழாது. அன்று அந்தப் புடவையை அவள்மேல் போர்த்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மாமா பையிலிருந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்தார். "இத இன்னா பண்றதுன்னு தெர்ல. நீயே வெச்சுக்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்கு பஸ் பிடித்தேன். அங்கே இணைப்பு வேகம். கேட்ட பதிப்பையே சிடியில் ஏற்றிக்கொண்டு நேராகத் திண்டிவனம் போனேன். பொய்ப் பெயரை அழித்துவிட்டு, உண்மையானதைப் போட்டு, முதலிலிருந்து கட்டினேன். வளைகோடு ஒன்று திரையில் ஏறி இறங்கியது. வேலை தப்பித்தது, அங்கேயே பல வருஷம் இருந்தேன். ஆனால் அன்று அதைப் பார்த்து சந்தோஷமும் வரவில்லை. ஒவ்வொரு கணினியாகப் போட்டு முடித்து, லேபைப் பூட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எதிர்வீட்டு அத்தை வழிமறித்தாள். "கோடிக்குன்னு எடுத்தத உசுரோட இருக்கறவ கட்டலாமாடி?"

"எங்கம்மாவுக்கு எங்க மாமா எடுத்தது அத்த" என்றேன். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அத்தை தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "போ, ரயிலு போயிடும்" என்றாள்.