ஒடி, இன்னும் ஒடி

வடபழனி கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவ இனி ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். தோளில் பையோடு மயிலாப்பூர் வரை நடந்து வந்திருக்கிறேன். காலையிலிருந்து வயிற்றில் டீ மட்டும்தான். இங்கே ஒரு சந்தில், பின்பக்கமாக வந்த தண்ணீர் லாரி குறுக்கே மாட்டி நிற்கிறது.

ஸ்டீயரிங்கைத் திருப்பு என்று இந்த ஊரில் யாரும் கத்துவதில்லை. ஒடி என்பார்கள். இப்போது தெருவே கத்துகிறது.

"லெஃப்ட்ல ஒடி நைனா!" என்கிறார் இஸ்திரிக்காரர். அவருடைய தள்ளுவண்டி வலது பக்கம் நிற்கிறது.

"ரைட்ல ஒடிக்கச் சொல்லுங்கோ!" என்கிறார் மாடியிலிருந்து ஒரு மாமி. அவருடைய ஸ்கூட்டர் இடது பக்கம்.

டிரைவர் இரண்டு பேர் பேச்சையும் கேட்கிறார். லாரி நின்ற இடத்திலேயே தலையாட்டுகிறது.

நான் பின்னால் போய் நின்று தகரத்தைத் தட்டுகிறேன். "ஃபுல்லா ஒடி... வா, வா... நேராக்கு!"

லாரி வந்துவிடுகிறது. டிரைவர் இறங்கி வருகிறார்.

"இன்னாபா, லாரி ஓட்டிக்கீறியா?"

"சைக்கிள்கூட வராதுண்ணே."

"பின்ன எப்டி கரீட்டா சொன்ன?"

"இந்தத் தெருவுல எனக்குன்னு எதுவும் இல்லண்ணே."

அவர் சிரித்துவிட்டுத் தன் தயிர்சாதத்தில் பாதியைத் தருகிறார். "எங்க கிளீனர் ஓடிட்டான். காலைல வந்துடு."

மறுநாள் காலை ஆழ்வார்பேட்டைச் சந்தில் லாரிக்குப் பின்னால் நின்று "ஒடி, ஒடி" என்று கத்துகிறேன். என் பையை இடது சுவரோரம் வைத்திருக்கிறேன். லாரி வலது சுவரை உரசிக்கொண்டே வருகிறது.