நடு வாய்க்காலின் திறப்பு

துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குளம். அதன் கீழே வயல் வைத்திருப்பவர்கள், தண்ணீர் பார்க்க ஆள் பிடிக்கும்போது ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பார்கள். ஆள் படித்தவனா, கோயில் கும்பிடுபவனா, குடிவெறியில் திரிபவனா என்பதெல்லாம் பிறகு. அந்தக் குளத்தின் கீழே அவனுக்கு ஒரு துண்டு வயல்கூட இருக்கக் கூடாது. வயல்காரன் கையில் வாய்க்கால் கதவுப் பூட்டின் திறப்பைக் கொடுத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அறியச் சாத்திரியாரிடம் போகத் தேவையில்லை.

சின்னராசாவிடம் அந்தத் தகுதி தாராளமாக இருந்தது. தகப்பன் விட்டுப் போனது ஒரு மேட்டுக்காணி மட்டும். அதிலும் கச்சான் கடலை விளைந்தால் விளையும், இல்லையென்றால் பன்றி கிண்டிவிட்டுப் போகும். போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து சனம் திரும்பி வந்த பிறகு, வயல் செய்பவர்களின் கமக்காரர் அமைப்பு அவரைக் கூப்பிட்டுக் குளத்து மதகுத் துருசின் திறப்பையும் மூன்று வாய்க்கால் கதவுகளின் திறப்புகளையும் கையில் கொடுத்தது. அன்றிலிருந்து அந்த ஊரில் தண்ணீர் என்றால் சின்னராசாதான்.

பார்வைக்குப் பெரிய ஆளில்லை. காலில் பித்தவெடிப்பு, வாயில் வெற்றிலை, ஓடும்போது தகரம் போலச் சத்தம் போடும் சைக்கிள். பெண்சாதி சிவனேஸ்வரி சொல்வதில் பாதியைக் கேட்பார், மிச்சத்தை வாய்க்காலில் விட்டுவிடுவார். ஆனால் தண்ணீர் முறை என்றால் முறைதான். ஒருமுறை வயல்காரர் ஒருவர் இருட்டுவதற்கு முன் வந்து முற்றத்தில் நெல் மூட்டையொன்றை இறக்கினார்.

"சும்மா தாறன் அண்ணை, பிள்ளையளுக்கு."

"தூக்கிக்கொண்டு போம் தம்பி. என்ர மனிசி கண்டால் உடன சோறாக்கிப்போடுவா. பிறகு உம்மைக் காணுற நேரமெல்லாம் எனக்கு அந்தச் சோறு வயித்துக்க கிடந்து கத்தும்."

வந்தவர் சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார். சிவனேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் கோதுமை மாப் புட்டு.

இப்படியே இருந்த மனிதனுக்கு குளத்துத் தண்ணீரை மட்டும் நம்பி விதைக்கும் இந்தச் சிறுபோகத்தில்தான் சோதனை வந்தது. மகள் யதுர்ஷிகா நடு வாய்க்காலில் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்தாள். புருசன் வவுனியாவில் மேசன் வேலை, கிழமை முடிவில்தான் வருவான். வரம்பு கட்டியதும் விதைத்ததும் களை பிடுங்கியதும் அவள்தான். செலவுக்காகத் தாலிக்கொடி அடைவுக்குப் போய்ப் பணமாகியிருந்தது. அது அவளுடைய முதல் வெள்ளாமை.

விதைப்புக்கு முன் கூடும் போகக் கூட்டத்தில் சின்னராசா எழுந்து, 'இப்ப என்ர பிள்ளைக்கும் வயல் இருக்குது, என்ன செய்வம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்ததை வாய் திறந்து ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார். அதற்குப் பதிலாகத் தன் மண்டைக்குள்ளேயே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். மகளுடைய முறை வரும்போது கொஞ்சம் முந்தியே மடையை அடைப்பது. ஒருவனும் தன்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லக் கூடாது.

அப்படி அடைத்துவிட்டு வரும்போது சைக்கிளில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். சில ஆம்பிளைகளுக்கு நேர்மை தலைக்கேறினால், முதலில் பட்டினி கிடப்பது அவர்களுடைய வீட்டுச் சனம்தான்.

குளமும் இந்த வருசம் அரைவாசிதான். பயிர் கதிரைப் பொதிந்து குடலை தள்ளும் நேரத்தில் யதுர்ஷிகாவின் வயல் வெடிக்கத் தொடங்கியது. பக்கத்து வயல்கள் பச்சையாக நின்றன. அவளுடையது மேட்டு மூலையில் மஞ்சளாகிக் கருகிக்கொண்டு வந்தது. சிவனேஸ்வரி போய்ப் பார்த்தாள். வெடிப்புக்குள் கையை விட்டாள், மணிக்கட்டு வரைக்கும் போனது. வீட்டுக்கு வந்தவள் சோற்றுக் கோப்பையைப் புருசனுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர மடையை நீங்கள் நேரத்துக்கே அடைக்கிறனீங்களோ?"

சின்னராசா சோற்றைப் பிசைந்தார்.

"சனம் கதைக்கும்."

"சனம் கதைச்சதோ?"

"இல்லை. அப்பிடிக் கதைக்காமல் இருக்கத்தான்."

"அப்ப நீங்கள் வயலுக்குத் தண்ணி விடேல்லை. உங்கட பேருக்கு விட்டிருக்கிறியள். அது நல்லாப் பச்சையாத்தான் நிக்குது."

அவர் பாதியில் கை கழுவிவிட்டுக் குளக்கட்டுக்குப் போய்விட்டார். கோபம் வந்தால் அவருக்குப் போக்கிடம் அதுதான்.

அடுத்த நாள் காலை யதுர்ஷிகா அங்கேயே வந்தாள். கால் முழுவதும் காய்ந்த சேறு. அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"அப்பா, மகளுக்குக் கூடத் தாங்கோ எண்டு கேக்க நான் வரேல்லை. நடு வாய்க்கால்ல எல்லாருக்கும் என்ன முறையோ, அது எனக்கும் வேணும். என்ர தண்ணியைக் குறைக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை."

"வேற ஆராவது இருந்தால் நான் தலைவரிட்டப் போய்ச் சண்டை பிடிச்சிருப்பன். நீங்கள் எண்டபடியால் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். கதிர் வாற நேரம், இனியும் என்னால ஏலாது அப்பா."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். சின்னராசா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். தன்னை நம்பிக் கைகட்டி நின்ற கமக்காரி ஒருத்தியின் தண்ணீரைத் தான் எடுத்துவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் மகளாக இருந்தாலென்ன, எடுத்தது எடுத்ததுதானே.

அன்று பின்னேரமே அமைப்பின் தலைவர் யோகநாதனைக் கொண்டு கூட்டம் கூட்டுவித்தார். நடு வாய்க்காலின் திறப்பை மேசையில் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

"அண்ணை, சொந்தப் பிள்ளைக்குக் குறைச்சு விட்டதுக்கு ஆர் வழக்குப் போடுறது?"

"சிரிக்காதையும். இண்டைக்குக் குறைச்சுவிட்ட கை நாளைக்குப் பிள்ளை அழுதால் கூட்டி விடும். அந்த மடைக்கு முன்னால நிண்டால் எனக்குத் தண்ணி தெரியேல்லை, அவளின்ர முகம்தான் தெரியுது. மற்ற ரெண்டு வாய்க்காலும் பாக்கிறன். இதை வேற ஆரிட்டயாவது குடுங்கோ."

"உங்களை நாங்கள் நம்புறம் அண்ணை," என்றார் யோகநாதன்.

"அதைக் கெடுக்க முதல் வாங்குங்கோ எண்டுதான் சொல்லுறன் தம்பி."

யாரிடம் கொடுப்பது? அங்கிருந்த எல்லோருக்கும் வயல் இருந்தது. சின்னராசா வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே மாயாண்டி நின்றார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், நாலைந்து மாடு தவிர ஒன்றுமில்லை. ஊர்க் கூட்டங்களில் அவருக்குக் கதிரை போடுவதில்லை. அது அந்த ஊர்க்காரரின் வெட்கக்கேடு, வேறென்ன.

"மாடு மேய்க்கிற ஆளோ?" என்று ஒரு குரல் இழுத்தது.

"ஓம், வயலில்லாத ஆள். நீங்கள் என்னைப் பிடிச்சதும் அதுக்காகத்தானே?"

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். மாயாண்டி தலையைச் சொறிந்தார்.

"செய்யிறன் ஐயா. ஒண்டை மட்டும் இப்பவே சொல்லிப்போடுறன். என்ர மாடு அந்த வாய்க்கால்லதான் தண்ணி குடிக்குது. பிறகு, சொல்லேல்லை எண்டு கதைக்கப்படாது."

கூட்டமே சிரித்தது. யோகநாதன் எழுந்து தன் கதிரையை அவருக்குத் தள்ளிவிட்டார்.

மகளின் முறை வந்த அன்று சின்னராசா வாய்க்கால் பக்கம் போகவில்லை. முற்றத்துக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். சிவனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணி பாக்கத்தானே போகப்படாது? பிள்ளையின்ர வயலுக்குப் போகப்படாது எண்டு ஆர் மறிச்சது? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடவுங்கோ."

இத்தனை நாளும் அந்த வயலுக்குள் அவர் காலே வைத்ததில்லை. இறங்கியபோது சேறு குளிர்ந்திருந்தது. யதுர்ஷிகா வரம்பில் நண்டு துளைத்த இடத்தைக் காட்டினாள். அவர் மண் வெட்டிப்போட்டு மிதித்தார். தண்ணீர் பள்ளத்தை நிறைத்து மெல்ல மேலே ஏறியது. மேட்டு மூலைக்கு ஏற இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, வாய்க்கால் கரையில் நின்ற மாயாண்டி மடையை அடைக்கக் குனிந்தார்.

சின்னராசா வாயைத் திறந்தார்.

"அண்ணை," என்றார் மாயாண்டி நிமிராமலே, "முறை முடிஞ்சுது."

"ஓம் ஓம். அடையும்."

மடை அடைபட்டது. அந்த மூலையில் கொஞ்சம் இனிப் பிழைக்காது என்பது அவருக்குத் தெரிந்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார்.

"பிள்ளை, வாளி இருக்குதே?"

"ஒண்டுதான் இருக்குது."

"கொண்டு வா. விழுந்த தண்ணி உன்ர தண்ணிதானே. அதை அங்கால ஊத்த என்னை ஒருத்தரும் மறிக்கேலாது."

அவர் அள்ளிக் கொடுக்க, அவள் வாங்கிக்கொண்டு போய் வெடிப்பில் ஊற்றினாள். வெயில் ஏறும்வரை அதையே செய்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியதும், "நீங்கள் வரம்பில இருங்கோ அப்பா" என்று வாளியைப் பிடுங்கினாள். அவர் விடவில்லை.