கடைசி எழுத்தைத் தின்னும் கட்டைவிரல்

மணிக்கட்டு வலிதான் ஆரம்பம். பிரிக்பீல்ட்ஸில் எனக்குச் சின்ன அச்சுக்கடை. கல்யாணம், காதுகுத்து, கருமக்கிரியை என்று இருபது வருஷமாக ஊர்க்காரர்களின் பெயர்களையெல்லாம் தட்டிய கைகள் இவை. கைகளை அகல வைத்துத் தட்டுங்கள் என்றார் மருத்துவர். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் இணையத்தில் நாலு காணொளி பார்த்தேன், ஐந்தாவதற்குள் பெட்டி ஆர்டர் ஆகிவிட்டது.

இரண்டு பாதியாகப் பிளந்த கீபோர்டு. கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஐம்பத்தெட்டு சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே மெல்லிய தூரிகையால் கிரீஸ் தடவி, மூடி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். தட்டிப் பார்த்தால், மழை விட்டபின் தகரக் கூரையில் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சொர்க்கம். விசை மூடிகளில் எழுத்தே இல்லாததை வாங்கியிருந்தேன்.

"எழுத்து எங்க? காசு பத்தலைன்னு விட்டுட்டாங்களா?" என்றாள் மனைவி.

"எழுத்து இருந்தா கண்ணு கீழ போகும். பெரிய ஆளுங்கல்லாம் இப்படித்தான் வெச்சிருப்பாங்க."

"அவங்களுக்குக் கடை இல்ல போல லா."

உண்மையான வில்லன் கட்டைவிரல். பழைய கீபோர்டில் நீளமான இடைவெளி விசையை இடது கட்டைவிரலால் தட்டியே பழகியவன் நான். புதியதில் இடைவெளி வலது கட்டைவிரலுக்கு, இடதுக்கு அழிக்கும் விசை. ஒரு சொல் அடித்து முடித்ததும் இடது விரல் தானாகப் போய் கடைசி எழுத்தைத் தின்றுவிடும். நாலு நாள் மாலையில் பழகினேன். பிறகு வீரன் மாதிரிக் கடையின் பழைய கீபோர்டைக் கொண்டுவந்து வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டு, புதியதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ரயிலேறினேன்.

அன்று மதியம் ஒன்றரைக்கு ஒரு ஆன்டி வந்தார். கணவர் இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். குடும்பத்தார் பெயர்களை மூத்த மகன் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. நான் தட்டுவதை அச்சடித்துத் தரும் செலாயாங் அச்சகத்துக்கு மூன்று மணிக்குள் கோப்பு போனால் நாளைக்கு அட்டை கிடைக்கும். தவறினால் சனிக்கிழமைதான், அதற்குமேல் அதை யாருக்குக் கொடுப்பது? எனக்கு இருபது நிமிட வேலை. "உட்காருங்க ஆன்டி, இப்ப முடிஞ்சிரும்" என்றேன்.

முதல் வரியிலேயே மூன்று சொல் வால் இழந்தது. பிழை பார்ப்பதற்காக வாடிக்கையாளர் பக்கமும் ஒரு திரை வைத்திருக்கிறேன். இந்தக் கொலைகள் எல்லாம் அதில் நேரடி ஒளிபரப்பு.

பக்கத்து ஃபோன் கடைக்கு ஓடிச் சாதாரண கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அதிலும் கை ஓடவில்லை! விரல்கள் இல்லாத இடங்களில் எழுத்தைத் தேடின. புதியதும் வரவில்லை, பழையதும் போய்விட்டது. பக்கவாதம்தான் என்று முடிவு செய்தேன். வாய் கோணுகிறதா என்று பார்க்க, சுவர்க் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். ஆறுதலுக்குச் சிரிக்கிறேன் என்று நினைத்து ஆன்டியும் சிரித்தார்.

வேறு வழியில்லை. என் படைப்பையே மறுபடி மாட்டி, எழுத்தெழுத்தாக அடித்தேன். மகன்கள், மருமகள்கள் முடியவே இரண்டேகால். மூத்த மகள், அவர் கணவர் பெயர்கள் வந்தன. அடுத்த வரிக்குப் போகத் தவித்துக்கொண்டிருந்தேன். ஆன்டி தன் பக்கத் திரையில் அந்தப் பெயர்களுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்க இன்னொரு பேரு போடணும். சின்ன மக."

"லிஸ்ட்ல இல்லையே ஆன்டி."

"லிஸ்ட் என் மவன் எழுதுனது லா. புள்ளைய நான் பெத்தேன்." பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "அவளா ஒருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. ஆறு வருசமா அண்ணங்காரன் பேசுறதில்ல."

அந்தப் பெயரைச் சொன்னார். அடித்தேன். திரையைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு ஆன்டி கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் அவர் ஃபோன் அடித்தது. மகன் பேசியதைக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, சின்னவ பேரு போட்டிருக்கீங்க."

"அம்மா சொன்னாங்க..." கீபோர்டு மேல் பழி போடலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைக் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால் தாண்டியிருந்தது.

"அவ புருசன் பேரு எங்க? மத்தவங்கள்லாம் ஜோடியா இருக்காங்க. இவள மட்டும் தனியா விட்டா நல்லாவா இருக்கு? போடுங்க." பெயரையும் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் ஆன்டி.

"மருமகன் பேரையும் போடச் சொல்றாரு."

"அந்தப் பேரு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியுது ஆன்டி."

மகள் பெயர் முடிந்த இடத்தில் ஓர் இடைவெளி விட வேண்டும். இடது கட்டைவிரல் எழும்பியது. அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, வலது கையை இரண்டு பாதிக்கும் ஓடவிட்டேன். இடைவெளி விழுந்தது. மருமகனும் வந்து நின்றார், முழுசாக.

மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கோப்பு செலாயாங்குக்குப் போனது.

"மத்த கடையில படபடன்னு அடிச்சுட்டுத் தாளை நீட்டுவாங்க" என்றபடி எழுந்தார் ஆன்டி. "நீங்க நிதானமான ஆளு தம்பி."

நான் அடக்கமாகத் தலையாட்டினேன். இடது கை இன்னும் தொடைக்கடியிலேயே இருந்தது.