கொதிக்க வைத்த கல்

பத்தொன்பது வருஷமாக லிப்ட் குழிக்குள் இறங்கி ஏறுகிற மெக்கானிக் அவர். காலுக்குக் கீழே பன்னிரண்டு மாடி இருட்டு வாயைப் பிளந்து கிடக்கும். இவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார். இந்த மனுஷனுக்குப் பயம் என்பதே கிடையாது என்று அவர் மனைவியே நம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் புழு வரும் வரைக்கும்தான்.

முன்னறையில் ஒரு உப்புநீர் மீன்தொட்டி. மனைவியின் தம்பி மீன்கடை வைத்திருக்கிறான். அவன் கொடுத்த கடல்கல்லில் புழு ஒளிந்து வந்திருக்க வேண்டும். கண்ணாடி துடைக்கக் கையை விட்டவர், கல்லுக்கடியில் விரல் நீளத்துக்கு ரோஸ் நிறத்தில் ஒன்று நெளிவதைப் பார்த்தார். பார்த்தால் பூரானேதான். இரண்டு பக்கமும் வெள்ளையாய் முள்மயிர். கையை உருவிய வேகத்தில் சட்டை நனைந்துபோனது.

மச்சானுக்குப் போன் போட்டார்.

"அது சாது மாமா. மீன் மிச்சம் வச்சதத் தின்னுட்டு ஓரமா கெடக்கும். தொட்டியக் கூட்டிப் பெருக்குற ஆளுன்னு வச்சுக்குங்க. வெறுங்கையால மட்டும் தொடாதீங்க, முள்ளு ஏறும்."

"ஏறுனா?"

"டேப்ப ஒட்டி இழுத்தா வந்துடும். தீனியக் கொறைச்சுப் போடுங்க, அதுவும் கொறைஞ்சிடும்."

சாது என்றால் உடம்பு கேட்டால்தானே. நாலு நாள் தொட்டிப் பக்கம் கை போகவில்லை. கண்ணாடியில் பாசி ஏறியது. சாப்பிட உட்கார்ந்தால் முழங்காலில் ஏதோ ஊர்ந்தது.

ஐந்தாம் நாள் மனைவிக்குக் காய்ச்சல், இருமல். இவர் லீவு போட்டார். மத்தியானம் நல்ல மழை, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அவள் சமையலறையை ஒட்டிய அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று இடுக்கியால் கல்லைத் தூக்கிப் பெரிய பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு அடுப்பில் ஏற்றினார். செய்த வீரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மச்சான், உன் சாதுவ வேக வச்சுக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"கல்லு மேல பட்டன் மாதிரி பூ ஏதாவது இருந்துச்சா மாமா?"

"பச்சையா ஒரு கொத்து இருக்கு. ஏன்?"

"அடுப்ப அணைங்க. மூடியத் தொறக்காதீங்க. அது நெஜப் பூ இல்ல, ஒரு கடல் பிராணி. அதுல வெஷம் இருக்கும், கொதிச்சா ஆவியில ஏறி வரும். அக்காவக் கூட்டிட்டு வெளிய போங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாய் கசந்தாலோ இருமல் வந்தாலோ வெஷம் ஏறுதுன்னு அர்த்தம். நான் வர்ற வரைக்கும் வீட்டுக்குள்ள யாரும் போகக் கூடாது."

மூடியின் ஓரத்தில் புசுபுசுவென்று ஆவி வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக வருகிறது? தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அடுப்பை அணைத்தார். போர்வையோடு அவளை எழுப்பி, படிக்கட்டில் கைத்தாங்கலாய் இறக்கினார்.

"என்னங்க, வீடு பத்திக்கிச்சா?"

"பேசாம வா."

பாதிப் படியில் அவள் இருமினாள். இது காலையில் இருமிய இருமலா, வேறயா?

"வாய் கசக்குதா?"

"காய்ச்சக்காரிக்கு வாய் கசக்காம இனிக்குமா?"

இவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லிப்ட் குழியில் ஒரு நாளும் இப்படிப் பிடித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் இருவரையும் சாயங்காலம் வரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் இவர் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டர், இது வெறும் காய்ச்சல்தான், மூச்சு முட்டினால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார்.

அதற்குள் மச்சான் முகமூடியும் கையுறையும் மாட்டி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஆறிய பாத்திரத்தை மூடி எடுக்காமலே கட்டி அப்புறப்படுத்தியிருந்தான். வாசலில் நின்றவன் தொட்டியைக் காட்டினான்.

"அங்க பாருங்க மாமா."

கல்லை இடுக்கியால் தூக்கியபோதே புழு தொட்டிக்குள் நழுவிவிட்டிருக்கிறது. இன்னொரு கல்லின் அடியிலிருந்து பாதி உடம்பை நீட்டி, மீன் விட்ட தீனியைத் தின்றுகொண்டிருந்தது.

மறுவாரம் முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடி துடைத்தார். ஆனால் இப்போதெல்லாம் பால் காய்ச்சுவதென்றாலும் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்.

"மழை உள்ள அடிக்குதுங்க," என்பாள் அவள்.

"அடிக்கட்டும்."