ஒப்புதல் வருமுன் ஓடிய வண்டி

ஜனவரி பிறந்தாலே வீப்கே டாடனுக்குத் தலைவலிதான். வடகடல் ஓரத்துச் சிற்றூரில், தனியாக வாழும் முதியவர்களை வீட்டிலிருந்து ஏற்றிவந்து மதியச் சாப்பாடு போடும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் வரவுசெலவு அவள் பொறுப்பு. சமைக்க ஊர்க்காரர்கள் வருவார்கள். வண்டி ஓட்டும் ஓக்கோவின் சம்பளத்துக்குத்தான் அரசு மானியம். அது டிசம்பரோடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கான ஒப்புதல், பனியெல்லாம் உருகிய பிறகு ஆடி அசைந்து வரும்.

வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒப்புதலுக்கு முன்பே வேலையைத் தொடங்கினால் மானியம் கிடையாது. பணமில்லாமல் தொடங்க முடிந்தவனுக்குப் பணம் எதற்காம்! இந்த விதியை எழுதிய மகானைப் பார்த்தால் கும்பிடு போட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆண்டுதோறும் அந்த இடைவெளியில் வண்டி கொட்டகையில் நிற்கும், ஓக்கோ சம்பளமில்லாமல் வீட்டில் இருப்பான், முதியவர்கள் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளுவார்கள்.

இந்த முறை ஓக்கோவால் இருக்க முடியவில்லை. கிழவி ஒருத்தி தொலைபேசியில் அழுதாள் என்று, சொந்தக் காசில் டீசல் போட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். வீப்கேயிடம் மூச்சுவிடவில்லை. அதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். சங்கத் தலைவர் ஹிண்டெர்க்குக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது: ‘மானியம் இல்லாமலும் நிற்காத வண்டி.’

“யாரைக் கேட்டு பேப்பர்காரன கூப்பிட்ட, ஹிண்டெர்க்?”

“நல்ல விஷயம்தானே வீப்கே! நாலு பேர் பாக்கட்டும்னுதான்.”

“பாத்துட்டாங்க. அதுல ஒருத்தி ஹாபெனா.”

ஹாபெனா மானிய அலுவலகத்து அதிகாரி. சொல்லி வாய் மூடவில்லை, தொலைபேசி அடித்தது.

“படம் நல்லா இருக்கு, டாடன் மேடம். எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்க. ஆனா வண்டி ஓடுதே?”

“சும்மாதான் ஓடுது மேடம். ஓக்கோவுக்கு நாங்க ஒரு சென்ட் குடுக்கல.”

“அதத்தான் சொல்றேன். எங்க பணம் இல்லாமலே ஓடுது.”

“சம்பளமில்லாம ஒரு மனுஷன் எத்தனை நாள் ஓட்டுவாரு?”

“புரியுது மேடம். ஆனா தொடங்கியாச்சு. நான் கையெழுத்துப் போட்டா தணிக்கைக்காரங்க என் கழுத்தப் பிடிப்பாங்க. அடுத்த வருஷத்துக்கு விண்ணப்பம் போடுங்க. அதுவரைக்கும் தயவுசெஞ்சு எதையும் தொடங்கிடாதீங்க.”

ஹாபெனா கெட்டவள் இல்லை. வீப்கேயின் எரிச்சலே அதுதான். கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அடுத்த அறையில் முதியவர்கள் சூப் குடிக்கும் சத்தம் கேட்டது. நனைந்த காலணியோடு ஓக்கோ வந்து நின்றான். வீப்கே விஷயத்தைச் சொன்னாள்.

“அப்போ, இவங்கள வீட்டுலயே விட்டிருந்தா என் வேலை தப்பிச்சிருக்கும்?”

“ஆமா.”

“இது என்ன கணக்கு?”

“என்னைக் கேக்காத! ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா வேணாம்னிருப்ப.”

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

வேலை போனவர்களுக்கான உதவித்தொகை கேட்க ஓக்கோவுக்குச் சங்கத்தின் சான்று தேவைப்பட்டது. வேலை ஏன் முடிந்தது என்று அதில் எழுத வேண்டும்.

“நிதிப் பற்றாக்குறைன்னு போடு,” என்றார் ஹிண்டெர்க்.

“பணம் மானிய ஆபீஸ்ல அப்படியே இருக்கு. எங்க பற்றாக்குறை?”

வீப்கே தட்டச்சு செய்து தாளை அவர் முன் தள்ளினாள். காரணம் என்ற இடத்தில் ‘வேலையைச் செய்ததால்’ என்று இருந்தது.

“இப்படியெல்லாம் எழுத முடியாது வீப்கே.”

“இத விட உண்மையா ஒண்ணு இருந்தா நீயே எழுது.”

ஹிண்டெர்க் பேனாவைத் திறந்து அந்த வரியின் மேல் கொண்டுபோனார். பிறகு கையெழுத்து மட்டும் போட்டார்.