பேச்சைக் கேட்கும் வீடு

தெருவில் அவனை ஃப்யூச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை அவன் பெண்டாட்டியே யோசித்துத்தான் சொல்வாள்.

இன்னும் ஐம்பது வருஷம் கழித்து வரப்போகிற சாமான்களை இன்றைக்கே செய்து முடிப்பது அவன் வேலை. சக்கரம் இல்லாத கார், ஓட்டுகிறவர் இல்லாத பறக்கும் டாக்சி, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும் நூறு மாடிக் கட்டடம், கதவே இல்லாத ஃப்ரிட்ஜ் எல்லாம் அவன் கை பட்டவை. படம் போடுகிறவர்கள் கம்பெனியின் மேல்மாடியில் ஏசியில் இருப்பார்கள். அந்தப் படத்தைத் தெர்மாகோலில் வெட்டி, உள்ளே ப்ளைவுட்டில் முதுகெலும்பு வைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்துக் கண்காட்சிக்கு அனுப்புவது கீழ்க்கூடத்தில் இருக்கும் ஃப்யூச்சர். அவன் தேய்த்த காரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும். என்ன, அந்தக் கார் ஓடாது. பின்னால் நின்று யாராவது பலமாகத் தும்மினால் கொஞ்சம் நகரும்.

அதற்கு முன்னால் ஒரு நாற்காலிக் கடையில் இருந்தான். அவன் செய்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்துபோக மாட்டார்கள், ஆணி விடாது. அப்படிப்பட்டவனுக்கு, எதைச் செய்தாலும் பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைக்கிற கம்பெனி கிடைத்தது என்றால் அது அதிர்ஷ்டம் இல்லாமல் வேறென்ன?

வினை கல்யாணப் பேச்சில் ஆரம்பித்தது. “மாப்ளே என்ன வேலை பாக்கறீங்க?” என்று மாமனார் கேட்டார். “எதிர்காலத்துக் காரெல்லாம் நாங்கதான் பண்றோம்” என்றான். அந்த ‘நாங்க’ கல்யாணத்துக்குள் ‘நான்’ ஆகிவிட்டது. மகள் பிறந்து பள்ளிக்கூடம் போவதற்குள் அவன் விஞ்ஞானி ஆகிவிட்டான். அவனாக ஒன்றும் பெரிதாகப் பொய் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அதுவும் ஒரு சிரிப்போடு.

மாமனார் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வந்தும் எங்கேயும் போய்ச் சேராத மனிதர் என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். “பொட்டிக்குள்ள ஸ்டூல் போட்டு உக்காந்து, ஊரான் சொன்ன பொத்தான அமுக்கியே என் காலம் போச்சு. என் பொண்ணக் கட்டினவன் அப்படியா? நாளைக்கு உலகம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்றவன்!” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கப் போனால்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் இருமுவார்.

உலகத்தை முடிவு பண்ணுகிறவன் வீட்டில் எப்படி? முன்னறை ஜன்னல் திரைக்கு மேலே இருக்கிற கம்பி ஒரு பக்கம் கழன்று, மனைவியின் ஹேர்கிளிப் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. “என்னங்க, அந்தக் கம்பிய மாட்டுங்களேன்” என்பாள். “ம்” என்பான். “என்னங்க, கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுங்களேன்” என்பாள். “ம்” என்பான். அந்த ‘ம்’களை அடுக்கினால் ஒரு மாடி வீடே கட்டியிருக்கலாம்.

இந்த வருஷக் கண்காட்சிக்கு மேல்மாடிக்காரர்கள் ஒரு வீட்டையே செய்யச் சொன்னார்கள். பேச்சைக் கேட்கும் வீடு. “திரையைத் திற” என்றால் திரை திறக்கும். “விளக்கு” என்றால் எரியும். “தண்ணீர்” என்றால் சுவரில் ஒரு வாய் திறந்து, தட்டில் தம்ளர் வரும். ஃப்யூச்சர் பிரமாதமாகச் செய்து கொடுத்தான். சுவரெல்லாம் முட்டை ஓடு மாதிரி வளைந்து, மூலையே இல்லாமல் இருந்தது. ஒட்டடைகூட எங்கே கட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போய்விடும். ஆனால் சொன்னதைக் கேட்கிற மிஷின்தான் சொதப்பிவிட்டது. “திரையைத் திற” என்றால் கக்கூஸ் மூடி திறந்தது. “விளக்கு” என்றால் தண்ணீர் தம்ளர் வெளியே குதித்தது.

மறுநாள் காலையில் திறப்பு. மேல்மாடியின் தலைமை டிசைனர், தெருவே பொறாமைப்படுகிற தாடி வைத்தவர், கீழே இறங்கி வந்து ஃப்யூச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, சுவத்துக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கற அளவுக்கு இடம் இருக்கு. எந்தக் கயிறு எதுக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். கண்காட்சி முடியற வரைக்கும் மட்டும்...”

அப்படித்தான் ஃப்யூச்சர் வீட்டுக்குள்ளே போனான். சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு. மூச்சை இழுத்தால் முன் சுவர் இடிக்கும், விட்டால் பின் சுவர் இடிக்கும். திரைக்கு ஒரு கயிறு, விளக்குக்கு ஒரு சுவிட்ச், தண்ணீர்த் தட்டைத் தள்ள ஒரு குச்சி. காலடியில் குளிர்ந்த தண்ணீர் ஜாடியும், கண்காட்சிக்காரர்கள் டீ போடுகிற கெட்டிலும் இருந்தன. வீட்டின் ‘கண்’ என்று சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடி வைத்திருந்தார்கள். அதன் வழியாக இவன் பார்த்துக்கொள்ளலாம். பேசுவதற்கு மூன்று பொத்தான்கள். அமுக்கினால் ஒரு பெண் குரல் தேனில் தோய்த்துப் பேசும். “ஆகட்டும்.” “இதோ செய்கிறேன்.” “மன்னிக்கவும், என்னால் இயலாது.” வீட்டுக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான்.

முதல் நாளே கூட்டம் அலைமோதியது. சொன்ன மாத்திரத்தில் திரை பறந்தது. “பெத்த பிள்ளைகூட இப்படிச் சொன்ன பேச்சு கேக்கறதில்ல” என்று ஒரு அம்மா கண் கலங்கினாள். உள்ளே ஃப்யூச்சர் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தான்.

தன் வீட்டு ஆட்களிடம், “டிக்கெட்டெல்லாம் தீந்துபோச்சு” என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தான். ஆனால் பெண்டாட்டியின் தம்பி என்று ஒருத்தன் இருக்கிறான். மூடிய கதவையெல்லாம் திறப்பதற்கென்றே பிறந்தவன். எங்கேயோ யாரையோ பிடித்து நாலு பாஸ் வாங்கிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் கறுப்புக் கண்ணாடி வழியாக ஃப்யூச்சர் பார்த்தபோது, மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி, மைத்துனன். முன்னால் மகள், பள்ளிக்கூட யூனிஃபார்மிலேயே.

ஃப்யூச்சர் முகத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான். பின் சுவர் இடித்தது.

“இதெல்லாம் எங்க மாப்ளே செஞ்சதுங்க” என்று மாமனார் பக்கத்தில் நின்ற ஜனங்களுக்கு அறிவித்தார். “தாடிக்காரத் தம்பி, அவரு எங்க?”

தாடி ஒரு நொடி விழித்தார். “அவர்... உள்வேலையா இருக்காருங்க” என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

“மனுஷன் கையே படாம வேலை நடக்குதா?”

“படவே படாது” என்றார் தாடி. இதுதான் பொய்.

“திரையைத் திற!” என்று மாமனார் லிஃப்டுக்குள் மாடி எண் சொல்கிற தோரணையில் சொன்னார். ஃப்யூச்சர் கயிற்றை இழுத்தான். திரை திறந்தது. “மூடு!” மூடினான். “திற!” திறந்தான். மாமனாருக்குக் குஷி தாங்கவில்லை. மருமகனிடம் இத்தனை வருஷமாக ஒரு வேலைகூடச் சொல்லாத மனிதர், மொத்தத்தையும் அன்றைக்கே வாங்கிவிட்டார்.

“ஒரு குத்தாட்டம் போடு பாப்போம்” என்றான் மைத்துனன்.

“மன்னிக்கவும், என்னால் இயலாது” என்றது வீடு. கூட்டம் சிரித்தது.

அப்போதுதான் மகள் கறுப்புக் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றாள். குதிகாலைத் தூக்கி, வாயைக் கிட்டே வைத்து, ரகசியம் பேசுகிற மாதிரி கேட்டாள்.

“உன்னக் கண்டுபிடிச்சது எங்கப்பாதானே?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுப் பட்டுப் பனி படர்ந்தது. இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில் அவன் முகம். விரல் ‘ஆகட்டும்’ பொத்தான்மேல் போனது. யாரோ ஒரு பெண்ணின் தேன் குரலில் பெற்ற மகளிடம் பொய் சொல்ல வேண்டும். விரல் கடைசிப் பொத்தானுக்குப் போனது. ‘மன்னிக்கவும்’ என்றால் குழந்தை முகம் என்ன ஆகும்? விரல் நடுவிலேயே நின்றுவிட்டது. காது மடல் இரண்டும் அப்பளம் சுடலாம் போல எரிந்தன. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றால், அந்த இடுக்கில் குனியக்கூட வழியில்லை.

“சொல்லேன்” என்றாள் மகள். “எங்கப்பாதானே?”

வீடு பேசவில்லை.

“என்னக்கா, வீட்டுக்கு வாயடைச்சுப்போச்சு!” என்றான் மைத்துனன்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ இருவர் சிரித்தார்கள். மனைவி குழந்தையைத் தன் பக்கம் இழுத்து, பேச்சை மாற்றுவதற்காகச் சுவரைப் பார்த்து, “சரி, தண்ணி குடு” என்றாள்.

அப்பாடா, இது தெரிந்த வேலை. தம்ளரில் ஜாடித் தண்ணீரை ஊற்றினான். தள்ளப்போகும்போது கை நின்றது. அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூரைக்குத் துள்ளுவாள். தன் அப்பாவுக்குத் தெரிந்தால் பல்லைப் பிடுங்க இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று இவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். சொன்னபோதும் “ம்” என்றுதான் சொல்லியிருந்தான். அந்த ‘ம்’முக்குள் விஷயம் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டு, கெட்டிலிலிருந்து வெந்நீரைக் கலந்தான். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். தள்ளினான்.

அடுத்துக் கேட்ட மாமனாருக்கு ஐஸ் மாதிரி வந்தது, “பல்லு கூசுது” என்றார். மைத்துனனுக்கும் ஐஸ் மாதிரி. அவள் ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். தம்ளரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஸ்குரூடிரைவர் மாதிரி நேரே உள்ளே இறங்கியது. பத்து வருஷக் குடித்தனத்தில் அவன் அப்படிப் பிடிபட்டதே இல்லை.

இதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“அம்மா, ஏம்மா அது எனக்குப் பதில் சொல்லல?” என்றாள் மகள்.

“விடுடி” என்றாள் அவள். “வீட்டுக்கு வெக்கமா இருக்கும்.”

மிச்சத் தண்ணீரையும் நிதானமாகக் குடித்துவிட்டு, தம்ளரைத் தட்டில் வைத்தாள். கூட்டத்தோடு நகர்ந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வந்தவர்கள் “திற” என்றால் வீடு மூடியது, “மூடு” என்றால் விளக்கு எரிந்தது. தாடி வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

அவன் வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் எழுந்தே நின்றுவிட்டார்.

“மாப்ளே! அசத்திட்டீங்க! நாளைக்கு எங்க லிஃப்ட் ஆளுங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வரேன். பொட்டிக்குள்ள உக்காந்து பொத்தான் அமுக்கினவனோட மாப்ளே என்ன செஞ்சிருக்கான்னு அவனுங்க பாக்கட்டும்!”

ஃப்யூச்சர் மனைவியைப் பார்த்தான். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்துக்கொண்டேயிருந்தாள். அவன் பொய்யை அவள் ஒருமுறை மூடிவிட்டாள். மறுமுறை மூடமாட்டாள் என்பது அந்த மடிப்பிலேயே தெரிந்தது.

“வேணாம் மாமா.”

“ஏன், பாஸ் கெடைக்காதா? இவன் வாங்கிடுவான்!”

“அதில்ல மாமா... மிஷின் வேலை செய்யல. சுவத்துக்குப் பின்னாடி ஆள் நிக்குது. கயிறு இழுக்கறது, தண்ணி தள்றது எல்லாம்...” தரையைப் பார்த்துச் சொன்னான். “நான்தான். கண்டுபிடிச்சது நானில்ல. என்னைக்குமே நானில்ல. மேல படம் போட்டுத் தருவாங்க. நான் தெர்மாகோல் வெட்டுவேன்.”

மைத்துனன் சிரிக்க வாயைத் திறந்தான். அக்காவின் கண்ணைப் பார்த்து மூடிக்கொண்டான். மூடிய கதவைத் திறக்காமல் விட்டது அவன் வாழ்க்கையிலேயே அது ஒருமுறைதான்.

மாமனார் மெதுவாக உட்கார்ந்தார். வெகு நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“உள்ள ஃபேன் இருக்கா?” என்று கடைசியில் கேட்டார்.

“இல்ல மாமா.”

“எனக்கு ஒண்ணு இருந்துச்சு” என்றார். “சின்னது.”

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சின்ன ஃபேன் ஃப்யூச்சரின் நெஞ்சுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டேயிருந்தது.

மகள் எழுந்து கிட்டே வந்தாள். “அப்போ அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்தது நீதானாப்பா?”

“ஆமாம்மா.”

“நான் கேட்டது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் பேசல?”

கண்டுபிடித்தவன் அவன் இல்லை என்பதையெல்லாம் அவள் பொருட்படுத்தவே இல்லை. கேட்டும் பேசாமல் இருந்தான் என்பதுதான் அவளுக்குக் கணக்கு. ‘அதுக்குப் பொத்தான் இல்லம்மா’ என்று சொல்ல வாயெடுத்தான். அவன் காதுக்கே அது கேவலமாக இருந்ததால் விழுங்கிவிட்டான்.

மனைவி துணி அடுக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்னங்க, அந்தத் திரையக் கொஞ்சம் திறங்க. காத்தே வரல” என்றாள்.

அவன் “ம்” என்று சொல்லவில்லை. போய்த் திரையை இழுத்தான். ஹேர்கிளிப் தெறித்தது. கம்பியும் திரையும் மொத்தமாக அவன் தலையில் வந்து விழுந்தன. மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது, கோபமாக இருப்பது நினைவுக்கு வந்ததும் அடக்கிக்கொண்டாள். திரைக்குள்ளேயே அவன் கொஞ்ச நேரம் நின்றான். அந்த முகத்தோடு வெளியே வருவதற்கு அதைவிட வசதியான இடம் உலகத்தில் இல்லை.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். ஸ்குரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு கம்பியை மாட்ட ஆரம்பித்தான். சின்ன வேலைதான். அதைச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இழுத்தான். அது வரைக்கும் முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

கீழே மகள் வந்து ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஸ்டூலும் அவன் செய்ததுதான், ஆடும்.